வெள்ளிக்கிழமைகளில் அணைந்த கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் இப்போது அணைவதே இல்லை. கேட்பவர்கள் நல்லதுதானே என்பார்கள். மாடி அறையில் சன்னலோரமாக, நீலமும் சிவப்புமாக விளக்குகள் மாறி மாறி எரிய, நாள் முழுக்க ஓட விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்காக நான் தொழுது துஆ கேட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

காரைக்காலில் எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனாலும் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். கோவில்பத்தில் இந்த வீட்டைக் கட்டும்போதே வாப்பா மாடியை எனக்கென்று சொல்லித்தான் எழுப்பினார். அப்படி வந்து சேர்ந்தவர் என் கணவர். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் வந்த நாளிலிருந்து இங்கே அவர் விருந்தாளிதான். மீனில் நடுத்துண்டு அவருக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருக்கு. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் மட்டும், உம்மாவிடம் கேட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்புவார். "இது உங்க வீடுதானே மச்சான்" என்று நான் சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஆமாம் என்று பொருளா, இல்லை என்று பொருளா என்று நான் கேட்டதில்லை.

கல்யாணமான கையோடு சபருக்குப் போய்விட்டார். சபர் என்றால் எங்கள் ஊரில் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது. வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்தில் ஏசி, கரண்ட் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை. லீவில் வருவார், கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து, யார் யாருக்கு என்ன என்று கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. பிள்ளை இருந்தால் பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது என்று ஃபோனில் பேச ஏதாவது இருக்கும். எங்கள் பேச்சு இப்படித்தான் போகும்:

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்ல."

அதற்கப்புறம் வீடியோ காலில் அவர் தன் முகத்தையும் நான் என் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உம்மா கீழேயிருந்து, "மாப்பிள்ளைக்கு சலாம் சொல்லு" என்பார். சலாம் சொன்னதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் விளையாட்டு. அவர் தங்கியிருக்கும் ரூமில் எல்லோரும் கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடுகிறவர்கள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் புள்ள, உனக்கும் ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்று அவராகத்தான் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கீழே ஹாலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை. ஆனால் விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஒரு பெண்ணுக்கு, எங்கள் தெருவுக்கு ரொம்பவும் புதிது. அது மொத்தமாக வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. சபரிலிருந்து லீவில் வருகிறவர்கள் தங்கள் பெட்டியில் மற்றவர் வீட்டுக்கும் பார்சல் வாங்கி வருவது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு இத்தனை கிலோ இடம் கொடு, அடுத்த முறை உனக்கு நான் தருகிறேன் என்று பேசிக்கொள்வார்கள். அங்கே நட்பைக் கிலோவில்தான் நிறுப்பார்கள். படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒருவர் கைப்பையில் துண்டு சுற்றி வந்தது. மதர்போர்டு இன்னொருவருடைய போர்வைகளுக்கு நடுவே வந்தது. மெமரி, பொட்டலம் போட்ட பிஸ்தாவோடு வந்தது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் டீ குடித்து வாங்கி வந்தேன்.

பவர் சப்ளை மட்டும் வரவில்லை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. நல்லதாக இருந்தால் செங்கல் மாதிரி கனக்கும். "அத்தன வெயிட்டுக்கு யாரு கிலோ தருவா? வெறும் டப்பாதானே, அங்கயே வாங்கிக்கலாம்" என்றார் கணவர். எங்கள் ஊரில் இதற்கு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். விலை உயர்ந்தது கடல் தாண்டி வரும். கனமானதை இங்கேயே வாங்கிக்கொள்வோம். அப்படித்தான் அடுத்த லீவில் அவரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பவர் சப்ளை வாங்கி வந்தார். ஒரு கையால் தூக்கிப் போட்டுப் பிடிக்கலாம், அவ்வளவு லேசு. அதில் அந்தக் கார்டுக்குப் போகும் கேபிளே இல்லை. வேறு வேலைக்கு இருந்த வெள்ளைப் பிளக்குகள் இரண்டைச் சேர்த்து, நடுவில் ஓர் இணைப்புப் போட்டுக் கார்டுக்குக் கொடுத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இணைப்பை மாட்டும்போது ஒரு நிமிடம் கையை நிறுத்தி அதையே பார்த்தார். "என்ன மச்சான்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று அழுத்தி மாட்டிவிட்டார்.

விளையாட்டு இப்படி. ஆளில்லாத ஒரு தீவில் இறங்க வேண்டும். மரம் வெட்டி, கல் பொறுக்கி, வீடு கட்ட வேண்டும். இருட்டினால் காட்டுக்குள்ளிருந்து மிருகங்கள் வரும், போகப் போகக் கூட்டமாக வரும், அவற்றை விரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. இங்கே எனக்கு மாலை அஸர் தொழுகை முடிந்திருக்கும். அங்கே அவர் மதிய ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு வந்திருப்பார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் தீவில் இறங்குவோம்.

முதல் சில வாரங்கள் எப்படி இருந்தன என்பதை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அங்கேதான். "அந்தப் பக்கம் சொவரு வைக்காத, காத்து வராது" என்பார். "அடுப்படி கெழக்கால இருக்கட்டும்" என்பேன். சண்டை போட்டோம். சிரித்தோம். உம்மாவிடம் கேட்காமல் அவர் ஆணி அடித்த ஒரே வீடு அது. கடலைப் பார்த்தாற்போல் ஒரு வாசல் வைத்தார். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். டியூஷன் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உம்மா இறால் வாடா சுட்டு மாடிக்கு அனுப்பினால்கூட ஆறிப்போன பிறகுதான் தின்பேன்.

அப்புறம் அணைய ஆரம்பித்தது.

மிருகங்கள் வந்து சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, பொசுக்கென்று திரை கருத்துப்போகும். விசிறிச் சத்தம் நின்றுவிடும். எச்சரிக்கை கிடையாது, நீலத் திரை கிடையாது, ஒன்றும் கிடையாது. சில சமயம் தானாகவே மறுபடி எழும். சில சமயம் பின்னாலிருக்கும் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் எழும். எழுந்து விண்டோஸ் வந்த பிறகு அதன் குறிப்பில் தேடினால், ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்று மட்டும் இருக்கும். அது எனக்கே தெரியும். ஏன் என்று சொல்லாது.

கணவருக்கு ஃபோன் செய்வேன். அவர் அதற்குள் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பியிருப்பார். கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால் விளையாட்டுக்கு அது உடனே தெரியாதாம். அதனால் அவர் திரையில் என் உருவம் கோடாலியை ஓங்கியபடி அப்படியே சிலை மாதிரி நிற்கும். கொஞ்ச நேரம் போன பிறகுதான் மறையும். "மிருகம் வந்து கடிக்குது, நீ பாட்டுக்கு நிக்கிற" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். அந்தப் படங்களை அழிக்காமல் ஃபோனில் வைத்திருந்தேன். எப்படியும் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேனே என்று ஒரு அசட்டுச் சந்தோஷம்.

"வோல்ட்டேஜ் பத்தாது புள்ள, அதான்" என்றார் முதலில். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அணைந்தது.

"சூடாவுதோ என்னமோ, பெட்டியோட பக்கத்துக் கதவக் கழட்டி ஃபேன வையி" என்றார். கழற்றினேன். டேபிள் ஃபேனைத் திருப்பி அதற்கு வைத்துவிட்டு நான் வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தேன். அணைந்தது.

"மெமரியக் கழட்டி ரப்பரால தொடச்சு மாட்டு. கடல் காத்துல எல்லாம் துருப் புடிக்கும்." டியூஷன் பிள்ளை ஒன்றின் ரப்பரை வாங்கி, அந்தத் தங்க நிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அணைந்தது.

"விண்டோஸ அழிச்சிட்டுப் புதுசாப் போடு." போட்டேன். அணைந்தது.

"உங்க வூட்ல எர்த் சரியா இருக்கா? கோடையில எர்த் குழி காஞ்சு போயிருக்கும். உப்பும் தண்ணியும் ஊத்து." கடைசியாக அவர் சொன்னது இது. உச்சி வெயிலில் வீட்டுக்குப் பக்கவாட்டில் குந்தி, புல்லை விலக்கி, எர்த் குழியின் மூடியைத் திறந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். உம்மா கொல்லைக் கதவில் நின்று பார்த்தார்.

"என்னம்மா பண்றே?"

"கம்ப்யூட்டர் அணையுது. அதுக்கு."

"கம்ப்யூட்டரு மாடியில இருக்கு, தண்ணிய இங்க ஊத்துறே?"

"மச்சான் சொன்னாங்க."

"மாப்பிள்ள சொன்னாருன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உம்மா உள்ளே போய்விட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்டிலேயே பிழைக்கிற மனிதர் சொல்கிறார். எனக்கு மேலே அவருக்குத் தெரியாதா?

குழி நிறைய ஊற்றியும் அணைந்தது. அதற்குப் பிறகுதான் நானாக யோசித்தேன். யோசிக்காமல் இருந்ததற்குக் காரணம் மூளை இல்லாதது அல்ல. அவர் சொன்னதைச் செய்வதில் ஒரு சுகம் இருந்தது. வாரம் முழுக்க ஃபோனில் பேச எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது. "இதப் பாத்தியா, அதப் பாத்தியா" என்று அவர் கேட்க, நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பதில் சொல்ல, நாங்கள் ஒரு குடும்பம் நடத்துகிற மாதிரியே இருந்தது.

டியூஷன் பாடத்தை அதே கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகத் தயார் செய்கிறேன், அணைவதில்லை. படம் பார்க்கிறேன், அணைவதில்லை. தீவில் சும்மா மரம் வெட்டினால் அணைவதில்லை. மிருகங்கள் கூட்டமாக வந்து திரை நிறையும்போது மட்டும் அணைகிறது. அப்போதுதான் கார்டு கரண்டைக் கடகடவென்று இழுக்கும். ஒரு நாள் கார்டு இழுக்கும் அளவைக் குறைத்து வைத்துவிட்டுத் தனியாக ஆடிப் பார்த்தேன். படம் மங்கலாக இருந்தது, ஆனால் மிருகக் கூட்டமே வந்தும் அணையவில்லை. அளவை மறுபடி ஏற்றினேன். அணைந்தது. இறக்கினேன், ஓடியது. கண்ணாடிப் பக்கத்தைத் திறந்து அந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வெள்ளைப் பிளக் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. மெமரியும் இல்லை, விண்டோஸும் இல்லை, எர்த்தும் இல்லை. இந்த லேசான டப்பா அந்தக் கார்டைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"மச்சான், பவர் சப்ளைதான். அங்கேர்ந்து நல்லதா ஒண்ணு யார்கிட்டயாவது குடுத்து வுடுங்க."

"புதுசுதானே அது? அது எப்படிப் போகும்?" என்றார். பிறகு, "சரி, பாக்குறேன். வெயிட்டா இருக்குமே, யாரு கிலோ தருவா" என்றார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் இரண்டு மூன்று பேர் லீவில் வந்து போனார்கள். எல்லோருடைய பெட்டியும் நிறைந்திருந்ததாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆன்லைனில் நல்லதாக ஒன்றை நானே வரவழைத்தேன். கொண்டுவந்தவர் படியேறும்போதே, "என்னங்க இது, கல்லா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். கார்டுக்கென்றே தனிக் கேபிள் இருந்தது. பழையதைக் கழற்றி, புதியதை நானே மாட்டினேன். கணவரிடம் மூச்சுக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை சண்டை முழுவதும் நான் அணையாமல் நிற்கப்போவதை அவர் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. வாரம் முழுக்க எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தீவில் இருட்டியது. மிருகங்கள் வந்தன. நான் அணையவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் விரட்டினேன். கடைசி மிருகம் விழுந்ததும் கையைத் தட்டினேன்.

"என்ன, இன்னைக்கு ஆஃப் ஆவல?" என்றார்.

"ஆவாது மச்சான். பவர் சப்ளை மாத்திட்டேன்."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ' எனக்குக் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. "இன்னைக்குக் கூரைய முடிச்சிடலாமா?" என்று உற்சாகமாகக் கேட்டேன். சரி என்றார். இரண்டு மரம்கூட வெட்டியிருக்கமாட்டார். சட்டென்று அவர் உருவம் காணாமல் போனது. ஃபோனில் வந்தார்: "பில்டிங்ல பிரேக்கர் விழுந்துடுச்சு புள்ள. கரண்ட் இல்ல. போய்ப் பாக்கணும்."

பாவம், லீவு நாளிலும் வேலை என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பிரேக்கர் விழுந்தது. அதற்கடுத்த வாரமும் கரண்ட் போனது. கோவில்பத்தில் கரண்ட் போகாமல் இருக்கிறது, வளைகுடாவில் போகிறதாம். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. கரண்ட் போனால் உருவம் சிலை மாதிரி நிற்க வேண்டுமே? என்னுடையது அப்படித்தானே நின்றது? அவர்தானே படம் எடுத்து அனுப்பினார்? அவருடைய உருவம் நிற்கவேயில்லை. கண் மூடித் திறப்பதற்குள் மறைந்தது. திரையின் மூலையில், அவர் வெளியேறினார் என்று ஒரு சின்ன வரி வந்தது. தானாக வெளியேறுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வரி வரும்.

அப்போதும் அவருக்காக நானே காரணம் தேடினேன். அங்கே நெட் வேறு மாதிரி இருக்கலாம், விளையாட்டில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்றெல்லாம். கம்ப்யூட்டரில் பழுது தேடித் தேடி எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது.

பிறகு அவருடைய ரூம்காரர் ஒருவர் லீவில் வந்தார். நெரவியில் வீடு. கணவரைவிட இளையவர். சபரிலிருந்து வந்தவர் ஓய்வெடுத்த கையோடு, பார்சல் கொடுத்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் தானே நேரில் போய்க் கொடுத்து, அங்கிருப்பவர் சுகத்தைச் சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பினால் மரியாதை இல்லை. அதன்படி அவரும் பைக்கில் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஹாலில் உட்கார வைத்து உம்மா டீ கொடுத்தார். நான் பெட்டியை உள்ளே எடுத்துப் போகக் குனிந்தேன். தூக்க முடியவில்லை.

"கனமா இருக்கும் லாத்தா, விடுங்க, நான் வைக்கிறேன்" என்று எழுந்தார். எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம், அண்ணனை நானா என்போம். பெட்டிக்குள் பால் பவுடர் டின்களும் சோப்புகளும் இருந்தன. வேறு எதற்கும் எங்கள் வீட்டில் பஞ்சம் இருக்கலாம், சோப்புக்கு இருந்ததில்லை. முந்தின சபர்க்காரர் கொண்டுவந்த சோப்பே இன்னும் அலமாரியில் இருந்தது.

"இவ்வளவு வெயிட்டு எப்படிக் கொண்டாந்தீங்க?" என்றேன்.

"எனக்கு நெறைய எடம் இருந்துச்சு லாத்தா. இன்னும் எதாச்சும் குடுக்கணுமான்னு நானாகிட்ட ரெண்டு தரம் கேட்டேன். ஒண்ணும் வேணான்னுட்டாங்க." டீயை உறிஞ்சிவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பவர் சப்ளைய மாத்திட்டீங்களாமே? நானா சொன்னாங்க. அந்த டப்பா இந்தக் கார்டத் தாங்காதுன்னு அவங்க ஆரம்பத்துலயே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"ஆரம்பத்துலயேவா?"

"மாட்டிட்டுத் திரும்பி வந்த அன்னைக்கே சொன்னாங்களே. அப்புறம் வெள்ளிக்கெழம நாங்க ஒரு செட்டா ஆடுவோம்ல, துப்பாக்கி வெளையாட்டு. நாங்க கூப்புட்டா, 'செத்த பொறுங்கடா, மிருகம் வந்தா அவளுக்கு ஆஃப் ஆயிடும், வந்துடுறேன்'ம்பாங்க. சொல்லி வச்ச மாதிரி வந்துடுவாங்க. அந்த மரம் வெட்டுற வெளையாட்டுக்கு நாங்க ஓவர்டைம்னு பேரு வச்சிருக்கோம் லாத்தா."

வெகுளியாகச் சிரித்தார். உம்மாவும் விஷயம் புரியாமல் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து சலாம் சொல்லிப் போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. பார்சலைக் கொடுக்க வந்தவர், இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை. ஸ்டெபிலைசர், ஃபேன், ரப்பர், விண்டோஸ், எர்த் குழி என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் எவ்வளவு அக்கறையாக இருந்தது! வெயிலில் குந்தித் தண்ணீர் ஊற்றியபோது, அது எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், "ஊத்திட்டியா? நல்லா ஊறட்டும்" என்றார். என்னோடு விளையாடப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாரமெல்லாம் வெயிலில் ஏணியேறி ஏசி பார்க்கிறவருக்கு ஒருநாள்தான் விடுமுறை. அதில் மரம் வெட்டச் சொன்னால் யாருக்கும் அலுக்கும். எனக்கு வருத்தமாக இருந்திருக்கும், புரிந்தும் இருக்கும். ஆனால் மனிதர் என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தார். நான் அணைவதற்காக அங்கே ஒரு கூட்டமே காத்திருந்திருக்கிறது. நானோ, கரண்ட் திரும்பி வரவேண்டும் என்று இங்கே தொழுகைப் பாயில் கையேந்திக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் இருந்த அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கோடாலியை ஓங்கியபடி, கடல் பார்த்த வாசலில், சிலை மாதிரி நான். எல்லாவற்றையும் அழித்தேன்.

கோபத்தோடு அவரைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருந்தேன். அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் திட்டித் தீர்த்துவிட்டு, அழுதுவிட்டு, சரி விடுங்கள், உங்கள் துப்பாக்கி விளையாட்டையே எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பதாக இருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அவர் வந்தார். வீட்டு வாசலில் இரண்டு உருவங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கூரை பாதிதான் போட்டிருந்தது. ஹெட்ஃபோனில் அவருடைய ரூமின் ஏசிச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் கேட்டது.

"மச்சான், ஒண்ணு கேக்கவா?"

"கேளு புள்ள."

"பழைய பவர் சப்ளை இந்தக் கார்டத் தாங்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படிப் புள்ள தெரியும்?" என்றார். குரல் வழக்கம்போல் மெதுவாக, அக்கறையாக இருந்தது. "தெரிஞ்சா மாட்டியிருப்பேனா? யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்ல மச்சான். சும்மா கேட்டேன்."

"அப்ப சரி. கூரைய முடிச்சிடலாமா?"

நான் கையிலிருந்த கோடாலியை வாசலில் கீழே போட்டேன். மெனுவைத் திறந்து, வெளியேறு என்பதை அழுத்தினேன். தீவு போய், விண்டோஸ் திரை வந்தது. விசிறிகள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே அவர் திரையில் என் உருவம் ஒரு நொடிகூட நின்றிருக்காது. மூலையில் அந்தச் சின்ன வரி வந்திருக்கும். அந்த வரிக்கு என்ன பொருள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"என்ன புள்ள, ஆஃப் ஆயிடுச்சா? கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல மச்சான். கரண்ட் இருக்கு. கம்ப்யூட்டரும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நான்தான் வெளிய வந்துட்டேன்."

ரூமில் அவரை யாரோ கூப்பிடுவது கேட்டது. அவர் போகவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.